பள்ளியில் தனித்துணை: சலுகையா, நீதியா?

பொதுத் தேர்வு நடைபெறும் நாள்களில் மாணவர் பேச்சில் ஒரு முறையீடு அடிக்கடி காதில் விழும். "நமக்கு மூன்று மணி நேரம், அவனுக்கு நான்கு மணி நேரம். அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளும் உண்டு. இது என்ன நியாயம்?" என்பதே அது. இதைக் கேட்கும் பெரியோர் பலர், "பாவம், கண் தெரியாத பிள்ளை, விட்டுவிடு" என்று சொல்லி வாயடைத்து விடுவர். கேட்ட மாணவனின் மனம் அவ்விடையால் நிறைவு பெறுவதில்லை. நியாயத்தைப் பற்றிக் கேட்டவனுக்கு இரக்கத்தை விடையாகத் தந்தால் அவன் மனம் எவ்வாறு நிறையும்? அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நல்ல விடையும் உண்டு. சிறப்புத் தேவையுடைய மாணவர்க்குப் பள்ளிகள் செய்யும் உதவிகள் எவை, அவை எம்முறையில் நடைபெறுகின்றன என்பவற்றை அறிந்துகொண்டால் அவ்விடை தானே விளங்கும்.

சிறப்புத் தேவை என்றவுடன் பார்வையின்மை, செவித்திறன் குறை, கை கால்களின் இயக்கக் குறை ஆகிய மூன்றுமே நம் நினைவுக்கு வருகின்றன. இந்திய நாடாளுமன்றம் 1995ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை எண்ணுகின்றது. அவற்றுள் பல, புறத்தே பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாதவை. படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் தோன்றும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எனப்படும் மன இறுக்கம், அறிவுசார் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா முதலிய குருதி நோய்கள் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. ஆகவே, நம் வகுப்பில் அத்தகையோர் ஒருவரும் இலர் என்று எவரும் எளிதில் சொல்லிவிட இயலாது. நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரே அவராக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

பாடம் ஒன்று மாணவன் உள்ளத்தைச் சென்றடைய வேண்டுமாயின் அதற்குப் பாதைகள் வேண்டும். கரும்பலகையில் எழுதியது கண் வழியே செல்கின்றது. ஆசிரியர் சொல்வது செவி வழியே செல்கின்றது. கற்றவன் தான் கற்றதை வெளிப்படுத்தக் கை வேண்டும். பள்ளிக்கு வந்து சேரக் கால் வேண்டும். இப்பாதைகளுள் ஒன்று அடைபட்டிருப்பின் வேறொரு பாதை அமைத்துத் தருவதே துணைக்கல்வியின் பணி. பாதையை மாற்றுவது வேறு. சென்று சேரவேண்டிய இடத்தை மாற்றுவது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு எந்த உதவியையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

முதலில் பார்வையற்ற மாணவனை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்து, சிறு வயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில், தம் பதினைந்தாம் வயதிலேயே விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து முறையை வகுத்தார். ஒரு சிறு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. எவ்வெப்புள்ளி எழுந்து நிற்கின்றது என்பதைப் பொறுத்து 63 வடிவங்கள் பெறலாம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் என்னும் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. தமிழும் அம்முறையிலேயே எழுதப்படுகின்றது.

"தமிழ்" என்னும் சொல்லை அம்முறையில் எழுதிப் பாருங்கள். நமக்கு அது மூன்றெழுத்து. பிரெயிலிலோ 'த' ஒரு கட்டம். 'மி' என்பது மகரத்திற்கு ஒன்றும் இகரத்திற்கு ஒன்றுமாக இரண்டு கட்டம். 'ழ்' என்பது புள்ளிக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக இரண்டு கட்டம். ஆக ஐந்து கட்டங்கள். அன்றியும், கண் ஒரே நோக்கில் ஒரு வரியின் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்ளும். விரலோ கட்டம் கட்டமாகவே நகர வேண்டும். பிரெயில் பலகையில் ஊசியால் குத்தி எழுதுவோர், தாளின் பின்புறத்திலிருந்து வலமிருந்து இடமாக எழுதிச் சென்று, பின்னர்த் தாளைத் திருப்பியே படித்தல் வேண்டும். நம் கையில் அடங்கும் ஒரு பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பருத்து நிற்கும். எனவே, அதே அறிவைப் பெறுவதற்கு அம்மாணவன் நம்மினும் நெடிய பாதையில் நடக்கின்றான்.

இனித் தேர்வு அறைக்குச் செல்வோம். அவனுடன் அமர்பவரைச் சொல்வதை எழுதுபவர் என்பர். அவர் வினாவைப் படித்துக் காட்டுகின்றார். மாணவன் அதை நினைவில் நிறுத்திக்கொள்கின்றான். வேண்டுமாயின் மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்கின்றான். பிறகு விடையை மனத்திலேயே வரிசைப்படுத்தி, எழுதுபவரின் கை வேகத்திற்கு ஏற்ப, நிறுத்தி நிறுத்திச் சொல்கின்றான். பெயர்ச்சொற்களுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்கின்றான். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துகின்றான். நாம் மேலே ஒருமுறை கண்ணோட்டி முடிக்கும் வேலைகள் இவை. இவற்றிற்காகும் காலத்தை ஈடு செய்யவே கூடுதல் நேரம் தரப்படுகின்றது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈட்டு நேரம் தரவேண்டும் என்கின்றது. மூன்று மணித் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம் ஆகின்றது. அந்த நான்காம் மணி நேரம் விடையை மிகுவிப்பதற்கு உரியதன்று. வழியில் செலவாகும் காலத்திற்கு உரியது.

எழுதுபவர்க்கும் வரம்பு உண்டு. மாணவன் சொன்னதை அவர் எழுதலாமேயன்றித் தம் அறிவைச் சேர்க்கலாகாது. குறிப்புத் தருதலும் கூடாது. கையெழுத்தழகுக்கென்று ஒரு போட்டி நடந்தால் அங்கே எழுதித் தருவோர்க்கு இடமில்லை. ஏனெனில் அங்கே அளக்கப்படுவதே கையெழுத்து. வரலாற்றுத் தேர்வில் அளக்கப்படுவது வரலாற்றறிவு. அங்கே கை வேறொருவருடையதாக இருப்பதால் அறிவு வேறொருவருடையதாகிவிடாது.

"அப்படியாயின் எல்லார்க்குமே கூடுதல் நேரம் தந்துவிடலாமே" என்று ஒருவர் கேட்கலாம். எல்லார்க்கும் தந்தால் ஈடு என்பதே இல்லாமற் போய்விடும்; முன்னிருந்த இடைவெளி அப்படியே நிற்கும். யார்க்கு எந்தப் பாதை அடைபட்டுள்ளது என்பதை மருத்துவரும் வல்லுநரும் சோதித்துச் சான்று அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இதன் பொருட்டே உள்ளது.

கண்ணுக்குப் புலப்படாத குறைபாடுகளில்தான் அநீதி மிகுதியாக நேர்கின்றது. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என எழுத்துகள் 247. அவற்றுள் 'கே' என்பதை நோக்குங்கள். வாய் முதலில் ககர ஒலியையும் பின்னர் ஏகார ஒலியையும் எழுப்புகின்றது. கையோ முதலில் ஏகாரத்தின் கொம்பை எழுதிப் பின்னர்க் ககரத்தை எழுதுகின்றது. 'கோ' என்பதிலோ அவ்வொலியின் குறிகள் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கின்றன. லகர, ளகர, ழகரமும், ரகர, றகரமும், மூவகை நகரமும் தனித்தனியே நினைவில் நிற்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று ஆண்டுப் பழக்கத்தில் இவற்றைக் கடந்து விடுகின்றனர். டிஸ்லெக்சியா என்னும் படித்தல் குறைபாடு உடைய குழந்தைக்கு ஒலியையும் வரிவடிவத்தையும் இணைப்பதே பெருந்துன்பமாகின்றது. அறிவில் அக்குழந்தை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

என் ஆசிரியப் பணியில் நான் கண்ட மாணவன் ஒருவன் ஏழாம் வகுப்பிலும் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க மாட்டான். வகுப்பில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர். ஒருநாள் பூகோளப் பாடத்தில் பருவக்காற்றைப் பற்றி வாய்மொழியாகக் கேட்டபோது, தென்மேற்குக் காற்று மலையில் மோதி மழை பொழிவதையும், மலைக்கு அப்பால் மழை குன்றுவதையும், நம் ஊர் ஏரி ஐப்பசியில்தான் நிரம்புவதையும் இணைத்து அவன் விளக்கினான். அவ்வளவு தெளிவாக அவ்வகுப்பில் வேறெவரும் விளக்கவில்லை. அவனுக்கு மூடியிருந்தது எழுத்தின் வாயில் ஒன்றே. அத்தகைய மாணவனுக்கு வினாத்தாளைப் படித்துக் காட்டுதல், பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருதல், மணலில் விரலால் எழுதவைத்து ஒலியோடு வடிவத்தைப் பிணைத்தல், எழுத்து விடையோடு வாய்மொழி விடையையும் ஏற்றல் ஆகியவை உதவும். 'மக்கு' என்னும் பட்டமோ எஞ்சியிருக்கும் வாயில்களையும் அடைத்துவிடும். பள்ளியை விட்டு இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளுள், சோம்பேறி என்றும் மந்தன் என்றும் சொல்லப்பட்டு, உண்மையான காரணம் அறியப்படாமலே வெளியேறினவர்களும் உண்டு. கண்டறிதல் ஓராண்டு தாழ்ந்தாலும் அதன் இழப்பு பெரிது.

செவித்திறன் குறைந்த மாணவர்க்குச் செவிக்கருவி தந்துவிட்டால் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருவி ஆசிரியர் குரலை மட்டும் உயர்த்துவதில்லை; மின்விசிறியின் ஓசையையும், பெஞ்சு இழுபடும் ஓசையையும், பின்வரிசைப் பேச்சையும் சேர்த்தே உயர்த்தக்கூடும். ஆகவே, கருவியோடு ஒழுங்கும் வேண்டும். ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேசாது மாணவரை நோக்கிப் பேசுதல், சன்னலின் வெளிச்சம் தம் முதுகுப்புறம் விழுமாறு நில்லாமை, முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதுதல் ஆகியவற்றிற்குக் காசு செலவில்லை. சைகை மொழியால் கற்போர்க்கு அதுவே முழுமையான மொழி. அதை வெறுங்கையசைப்பு என்று எண்ணலாகாது. அம்மொழியை ஆராய்ந்து பயிற்றுவிப்பதற்கெனப் புதுதில்லியில் 2015ஆம் ஆண்டில் ஒரு மையம் நிறுவப்பட்டது.

கால் இயக்கம் குறைந்தவர்க்குச் சாய்தளம் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது நெறிமுறை. வகுப்பறைத் திண்ணை ஒன்றரை அடி உயரமாயின் சாய்தளம் 18 அடி நீள வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் செங்குத்தாகக் கட்டிவிட்டால், பதிவேட்டில் சாய்தளம் இருக்கும். சக்கர நாற்காலியோ அதில் ஏறாது. உதவி பெயரளவில் நிற்பதற்கும் பயன் அளவில் நிற்பதற்கும் இது தக்க எடுத்துக்காட்டு.

அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைக்கோ பாதையை மாற்றுவதோடு, சென்று சேரும் இடத்தையும் அக்குழந்தைக்கு ஏற்பத் தனியே வகுத்துக்கொள்ள நேர்கின்றது. இதைத் தனிநபர் கல்வித் திட்டம் என்பர். "கணக்கில் முன்னேற வேண்டும்" என்று எழுதுவது திட்டமாகாது. "மூன்று மாதத்திற்குள், ஐம்பது ரூபாய்க்குப் பொருள் வாங்கி மீதியைச் சரிபார்க்கக் கற்றல்" என்று எழுதுவதே திட்டம். அப்போதுதான் மூன்று மாதம் கழித்து, நடந்ததா இல்லையா என்று பார்க்க முடியும். நடக்கவில்லையெனில் முதலில் முறையை மாற்ற வேண்டும். குழந்தையைக் குறை கூறலாகாது.

இவையனைத்தையும் ஒரு வகுப்பாசிரியர் தனித்துச் செய்தல் இயலாது. அதனாலேயே இதற்கென ஓர் அமைப்பு உள்ளது. தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஒன்றியத்திற்கும் வட்டார வள மையம் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ், உள்ளடங்கிய கல்விக்கென அமர்த்தப்பட்ட சிறப்புப் பயிற்றுநர் அம்மையத்திலிருந்து பள்ளிகளுக்குச் செல்கின்றனர். இயன்முறைப் பயிற்சியும் அதன்வழி கிடைக்கின்றது. மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் நடைபெறுகின்றன. கண் மருத்துவர், செவிநோய் மருத்துவர், மனநல வல்லுநர் முதலியோர் குழந்தைகளைச் சோதித்து, சான்றும் கருவியும் பெற வழி செய்கின்றனர். பள்ளிக்கு வந்து போகப் போக்குவரத்துப் படியும், துணைக்கு வருவோர்க்குப் பாதுகாவலர் படியும் தகுதியுடையோர்க்கு உண்டு. பள்ளிக்கே வர இயலாத கடும் குறைபாடுடைய குழந்தைக்கு இல்லத்திலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. வேலையின் வரிசை ஐந்து படிகளாக அமையும்: கண்டறிதல், மதிப்பிடுதல், திட்டமிடுதல், உதவுதல், மீண்டும் ஆராய்ந்து பார்த்தல். ஐந்தாவது படியை விட்டுவிடுவோர் பலர். அதனால்தான் காதுக்குப் பொருந்தாத கருவி பெட்டியில் உறங்குகின்றது.

இந்நிலைக்கு நம் நாடு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவித்திறன் அற்றோர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் தோன்றின. அக்காலத்தில் அவற்றின் பின்னே நின்றது சமயத் தொண்டர்களின் அருளுள்ளம். 1974ஆம் ஆண்டில் மத்திய அரசு, குறைபாடுடைய குழந்தைகளைப் பொதுப்பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டுச் சாலமான்கா நகரில் 1994ஆம் ஆண்டு கூடிய உலக மாநாடு, எல்லாக் குழந்தைகளையும் ஏற்கும் வகையில் பள்ளியே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ அருளாகத் தரப்பட்டதை உரிமையாக்கிற்று. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தை, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உடையது. நூலும் துணைக்கருவியும் விலையின்றிப் பெறும் உரிமையும் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் இத்தகையோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. கல்லூரி மாணவர் இதை அறிந்திருத்தல் நன்று.

உரிமை என்னும் சொல்லின் பொருளை 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகள் தெளிவாக்கின. பிப்ரவரித் திங்களில் அளித்த தீர்ப்பு, நாற்பது விழுக்காடு என்னும் எல்லையை எட்டாவிடினும், எழுதுவதில் மெய்யான இடர் உடையவர்க்குச் சொல்வதை எழுதுபவரை மறுக்கலாகாது என்றது. நவம்பர்த் திங்களில் மற்றொரு வழக்கு முடிவுற்றது. எழுதுதல் குறைபாடுடைய மாணவி ஒருவர் மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதினார். அவர்க்குரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல், தேர்வு மையத்தில் பிறரோடு சேர்த்து அவர் விடைத்தாளையும் வாங்கிவிட்டனர். அது தவறு என்று நீதிமன்றம் தீர்த்தது. மறுதேர்வுக்கு ஆணையிடவில்லையெனினும், நேர்ந்த அநீதியை எவ்வாறு சரிசெய்வது என்று ஆராய்ந்து செயற்படத் தேர்வு நடத்தும் அமைப்புக்குக் கட்டளையிட்டது. சலுகையைத் தராதவரை நாம் கருணையற்றவர் என்று மட்டுமே சொல்லலாம். உரிமையை மறுப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சட்டம் இருக்கும் இடத்திலெல்லாம் செயலும் இருக்கின்றதென்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருக்கின்றது. அவர் வராத நாளில் அக்குழந்தை ஓரத்தில் சும்மா அமர்ந்திருக்கும் வகுப்புகளும் உண்டு. பெற்றோர் சிலர் ஊரார் பேச்சுக்கு அஞ்சிச் சான்று பெறவே தயங்குகின்றனர். சான்று தேர்வு மாதத்தில் தேடும் தாள் அன்று. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்று, தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். உங்களுள் யாரேனும் எழுத்து மங்கலாகத் தெரிகின்றது, வரிகள் குழம்புகின்றன, ஆசிரியர் சொல் பாதிதான் கேட்கின்றது என்று உள்ளுக்குள் வருந்துவீராயின், அதை மறைக்காது ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதனால் யாதோர் இழுக்கும் இல்லை.

மற்றை மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. சக்கர நாற்காலியைக் கேளாமல் தள்ளாதீர்கள். அது அவர் கால் போன்றது. பார்வையற்ற தோழனின் கையைப் பற்றி இழுக்காதீர்கள்; உங்கள் முழங்கையை அவன் பற்றிக்கொள்ள விடுங்கள். அவன் செய்யக்கூடியதை நீங்கள் செய்து தராதீர்கள். மிகுந்த உதவியும் ஒருவகைத் தடையே. கல்லூரி மாணவர்கள் பாடநூல்களை உரக்கப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். விதிக்கு உட்பட்ட தகுதி இருப்பின் சொல்வதை எழுதுபவராகச் செல்லலாம். அவ்வாறு செல்வோர், பிறர் சொல்லும் விடையைத் தாம் அறிந்ததைக்கொண்டு திருத்தாமல் அப்படியே எழுதும் நேர்மையைக் கற்றுத் திரும்புவர். அது எளிய பாடம் அன்று.

ஆகவே, இனி எவரேனும் உங்களிடம் இதைச் சலுகை என்று சொன்னால், இரக்கத்தைக் கொண்டு அவர் வாயை அடைக்க வேண்டா. பிரெயிலில் "தமிழ்" என்னும் சொல்லுக்கு எத்தனை கட்டங்கள் என்று எண்ணிக் காட்டுங்கள். எண்ணத் தெரிந்தவர்க்கு நீதி எது என்பதும் விளங்கும்.